சாரமில்லை

கம்பம்மெட்டு ஏறுகிற விடியாத ஜீப்பில் பதினெட்டுப் பேர்.
பதினேழு பேர் ஏலத்தோட்டங்களில் உதிர்ந்துவிட
நான் மட்டும் கடைசியாக இறங்குவேன்
இலைப்பேனைக் கண்ணாடியில் படுக்கவைக்க.

"செடிக்குப் பேன் பாக்குறவ" என்பாள் பவுன்தாய்.
ஜீப்பே சிரிக்கும்.

குப்பி அவள் கொடுத்ததுதான்.
ஹோமியோ மாத்திரை தீர்ந்த குப்பி,
உள்ளே ஆல்கஹால், நான்கு ஏலப்பூ,
பூக்குழலுக்குள்ளிருந்து மிதந்து வந்தவை பன்னிரண்டு.
பதினொன்று பெண்.
ஒன்றே ஒன்று ஆண், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.
காயைச் சொறியாக்கி
ஏலச்சந்தையில் விலையை அடிக்கிற ஜாதி இதுதானா என்று
அவனைப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம்.

வயிற்றில் ஊசிமுனையால் ஒரு பொத்தல்.
இரவு முழுக்கக் காஸ்டிக் சோடா.
குடல், கொழுப்பு, குடித்த பச்சை
எல்லாம் கரைந்து வெளியேறி
காலையில் தோல் மட்டும் இருந்தது,
தேன்நிறத்தில், வெளிச்சம் புகும்படி.

பிறகு குளியல்.
அறுபது சதம், எழுபது, எண்பது, தொண்ணூற்றைந்து, நூறு.
ஒரேயடியாக வற்றினால் சுருண்டுபோகும்.
ஓர் உடம்பிலிருந்து ஈரத்தை
அதற்கே தெரியாமல்தான் எடுக்க வேண்டும்.
கடைசியில் கிராம்புத் தைலம்.
ஏலக்காய் நாட்டில் என் மேசை மட்டும்
பல்வலிக்காரன் வாய்போல மணக்கிறது.

ஆயுதம்: ஒரு பல்குச்சி,
நுனியில் பசைவைத்து ஒட்டிய
என் வலதுகண் இமைமுடி.
கடையில் விற்கிற எந்த ஊசியும் இதற்கு முரடு.
கண்ணை இமை காப்பதுபோல என்பார்கள்.
மிச்சமுள்ளவை காக்கட்டும்.
இதற்கு வேறு வேலை.

மின்விசிறியை நிறுத்தினேன்.
பால்சம் ஒரு சொட்டு, அதில் அவன், வயிறு மேலே பார்க்க.
கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
உணர்கொம்பை நீட்டினேன், எட்டுக் கணு, எண்ணியாயிற்று.
இடது சிறகு விரிந்தது.
சிறகு என்று சொல்கிறோம்,
அது ஒரு காம்பு, இரண்டு ஓரமும் மயிர், ஈர்கோலி மாதிரி.
வலதை விரித்து
ஸ்லைடைத் தலைகீழாக இறக்கினேன்.
தொட்டவுடன் தூக்க வேண்டும்.
அரை நொடி.

அந்த அரை நொடியில் வெளியே ஏதோ லாரி ஹாரன் அடிக்க
நான் மூச்சு விட்டுவிட்டேன்.

ஒரு குமிழி.
கடுகின் கண்ணளவு.
உருண்டு வந்து வலது சிறகை மடக்கி
அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் லிஜி குனிந்து பார்த்தார்.
ஃபோகஸைத் திருகினார், திருப்பித் திருகினார்.
"சாரமில்ல கேட்டோ" என்றார்.
பரவாயில்லை என்று அர்த்தம், இந்தப் பக்கத்தில்.
மலைக்கு அந்தப் பக்கத்துக் காது எனக்கு.
சாரம் இல்லைதான் மேடம்,
ராத்திரியே நான்தான் எடுத்தேன்
என்று சொல்ல வந்து
"சரி மேடம்" என்றேன்.

லேபிளில்
செடி, ஊர், தேதி.
சேகரித்தவர் என்ற இடம் ஒரு நகத்தின் அகலம்.
ஐந்தெழுத்துப் பெயர். அடங்கியது.
முப்பத்தெட்டு டிகிரி அடுப்பில் வைத்து மூடினேன்,
மூன்று வாரம் காய வேண்டும்.

திரும்புகிற ஜீப்பில் பவுன்தாய் கேட்டாள்,
"ஆம்பளப் பேன் தேறுனானா?"
"ஒரு றெக்கை மடங்கிருச்சுக்கா."
"மடங்குனா மடங்கட்டும். படுத்துட்டான்ல."

இரண்டாவது வளைவில் அவளும் தூங்கிவிட்டாள்.
மருந்தடித்த கண்கள் சிவந்து, சரியாக மூடாமல்.
வலது கை
அவளுக்கும் எனக்கும் நடுவே மாட்டி
முழங்கையில் மடங்கியிருந்தது.
எடுத்து நேராக்கலாம்.
கொண்டை ஊசி வளைவுகள் இன்னும் நிறைய இருக்க
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அசையாமல் வந்தேன்.